வசவு கேட்கும் தூரத்தில் ஒரு வீடு

என் வீட்டுக்காரர் வீடு பார்க்கிற லட்சணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, ஓடு ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். இவர் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, செயினைச் சரிபண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டு காதைத் தீட்டுவார். எப்படியும் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு பிள்ளை பாலைக் கொட்டும், தாய்க்காரி வைவாள். வசவு தமிழில் இருந்தால் தெரு தேறியது. மலையாளத்தில் இருந்தால் செயின் உடனே சரியாகிவிடும், அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிடுவார்.

"பேசுறத நம்பக்கூடாது புள்ள. கடையில, பஸ்ஸுல எல்லாரும் எல்லா பாஷையும்தான் பேசுவாக. கோவத்துல வாயில என்ன வருதோ அதுதான் அவுக பாஷ" என்பார். இப்படி ஒரு ஞானம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. என்னிடமிருந்துதான் வந்திருக்கும்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. நாங்கள் இருவரும் இடுக்கி மலையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து எங்கள் பாட்டன்மாரை மலையேற்றிக் கொண்டுவந்தார்கள். அதற்குப்பின் இறங்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. இவருக்குத் தோன்றியது. ஃபேக்டரியில் வேலை வாங்கினார், கல்யாணம் முடிந்த கையோடு என்னையும் இறக்கிக்கொண்டு வந்து ஒரு டீக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் வைத்தார். கொழுந்து பறித்துப் பறித்து அலுத்து வந்தவளுக்கு, நாள் முழுக்க டீ கொதிக்கிற வாசனை. நல்ல யோகம்தான்.

அக்கம்பக்கத்தில் எல்லாம் ஷிப்டு வேலைக்காரர்கள். பகலில் தூங்குகிற ஆம்பிளைகள் பாதி, இரவில் தூங்குகிற ஆம்பிளைகள் பாதி. பேச ஒரு பொம்பிளை கிடையாது. அந்த அறையில் இருக்கும்போதுதான் நான் முழுகாமல் ஆனேன்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதானே என்று கேட்பீர்கள். என்னைப் பெற்றவள் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் இருந்தான், தோட்டத்தில் அவனுக்கு இருந்தது ஓர் அறை, அதில் அவன் பெண்டாட்டி, பிள்ளைகள், ஓர் ஆடு. மாமியாரோ இன்னும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். கொழுந்து துளிர்க்கிற மாதத்தில் லீவு கேட்டால் கங்காணி முகத்தைப் பார்க்கவே முடியாது. ஆக எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. வலி எடுத்து நான் கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில் ஒரு பொம்பிளை இருக்க வேண்டும். இவர் ஷிப்டுக்குள் போய்விட்டால் வெளியே என்ன நடந்தாலும் சங்கு ஊதுகிறவரை விடமாட்டார்கள்.

சின்ன ஆசைதான். அதை என் வீட்டுக்காரர் பெரிதாக்கினார். "வெறும் பொம்பிள இருந்தாப் போதுமா? நம்ம ஆளுங்களா இருக்கணும். வலி வந்தா நீ மலையாளத்துலயா கத்துவ?" என்றார். எனக்குத் தெரிந்த மலையாளம் எஸ்டேட் ஆபீஸில் கற்றது. லீவில்ல, கையெழுத்துப் போடு என்பதற்கு ஒப்பிடு, தள்ளி நில் என்பதற்கு மாறி நில்லு. இதை வைத்துக்கொண்டு பிள்ளை பெற முடியாது என்பதை நானும் ஒத்துக்கொண்டேன்.

அவருடைய ஃபேக்டரியில் வடக்கேயிருந்து வந்த சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். விஷயத்தைக் கேள்விப்பட்டு, "தென்னிந்தியர்கள் நிறைய இருக்கிற காலனி ஒன்று எனக்குத் தெரியும், அங்கே போ" என்று பெரிய மனதோடு சொல்லியிருக்கிறார். பாலக்காட்டில் உட்கார்ந்துகொண்டு தென்னிந்தியர் இருக்கிற இடத்தைத் தேடிப் போன மனிதர்கள் நாங்களாகத்தான் இருப்போம். போய்ப் பார்த்தால் ஒரு வீட்டில் தெலுங்கு, ஒரு வீட்டில் கன்னடம், ஒரு வீட்டில் துளு, மிச்ச வீடுகளில் மலையாளம். தங்களுக்குள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொண்டதெல்லாம் இந்தி. அந்த இந்தியும் சூப்பர்வைசருக்குப் புரியாத இந்தி. குழாயடியில் ஒரு சண்டை நடந்தது. இவர் வெகுநேரம் செயினைச் சரிபண்ணிப் பார்த்தார், எந்த பாஷையில் வைகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிவிட்டார்.

அடுத்து பாலக்காட்டு டவுனில் ஒரு கோயில் தெரு. அங்கே நிஜமாகவே தமிழ், அதுவும் எத்தனையோ தலைமுறையாக. வீட்டுச் சொந்தக்காரர் நல்ல மனிதர், சிரித்த முகம். "எங்கேர்ந்து வரேள்?" என்று கேட்டார். மலையிலிருந்து என்றோம். "அதுக்கு முன்னே?" திருநெல்வேலிப் பக்கம் என்றோம். என் கழுத்தைப் பார்த்தார், இவர் காலைப் பார்த்தார். "ஒண்ணும் தப்பா நினைச்சுக்கப்படாது, கேட்டேளா. வீடு ஒழியறதுக்கு இன்னும் கொஞ்ச நாளாகும்" என்றார். நாங்கள் பார்க்கும்போதே அந்த வீட்டு வாசலில் பூட்டு தொங்கியது, பூட்டில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. சிலந்தியைக் காலிபண்ண நாளாகும் போலிருக்கிறது. வெயிலுக்கு எனக்குத் தொண்டை வறண்டு, தண்ணீர் கேட்டேன். தெருக்கோடியில் குழாய் இருக்கிற இடத்தைக் கையைக் காட்டிச் சொன்னார்.

திரும்பி வருகிற வழியில் இவர், "அவுக தமிழ் வேற புள்ள, ரொம்பப் பழசு" என்றார். எது பழசு என்று எனக்குத் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கடைசியாகத்தான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனோம். பொள்ளாச்சி பஸ்கள் வந்து போகிற இடம், பெயருக்குத்தான் கேரளம். நாங்கள் போய் இறங்கினால் தெரு முழுக்கத் தமிழ். காய்கறிக்குத் தமிழ், மாட்டுக்குத் தமிழ், கயிற்றுக்குத் தமிழ். "ஏனுங்க", "வாங்க", "போங்க" என்று ஆளாளுக்கு மரியாதை வேறு. இவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சரியாக அப்போது ஒரு வீட்டு வாசலில் ஒரு பொம்பிளை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தன் முருங்கையைக் கடித்த எருமையை வைய ஆரம்பித்தாள். எருமையை வைதாள், எருமைக்காரனை வைதாள், எருமையை விற்றவனை வைதாள். நடுவில் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. அந்த எருமைக்காரன் தலையைச் சொறிந்துகொண்டே, "செரிங்கக்கா, செரிங்கக்கா" என்று நின்றான்.

"இதுதான் புள்ள நம்ம தெரு" என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் வீட்டுக்கு ஒட்டினாற்போல் இன்னொரு வீடு காலியாக இருந்தது. ஒரே கூரை, நடுவில் ஒரு மண்சுவர். வீட்டுச் சொந்தக்காரர் கடலை வியாபாரி. வியாபார மும்முரத்தில் இருந்தார். "கம்பெனி வேலைங்களா? செரி, சாவியப் புடிங்க" என்று தராசிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று சந்தை நாள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

குடிவந்த மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் தெருவில் ஒரு நாய், நாலு வாழைமட்டை. அத்தனை தமிழும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விட்டது. உள்ளூர்க்காரர்கள் எல்லாம் குடியானவர்கள், வீடு அவரவர் தோட்டத்துக்குள்ளே இருந்தது. தெருவில் இருந்தது பூட்டிய கடைகளும் நாங்களும் பக்கத்து வீடும்தான். இவர் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்துவிட்டு வந்து, "கொஞ்சம் அமைதியான எடம்" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு விடியலில் கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவார். அந்த அமைதியை முழுக்க எனக்கே விட்டுவிட்டுப் போனார்.

எருமையை வைத பக்கத்து வீட்டக்கா மட்டும்தான் எனக்கு மிச்சம். நாற்பதைத் தாண்டியவள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டாள், புருஷன் வாடகைக்கு மாட்டுவண்டி ஓட்டினார். முதல் நாளே வந்து உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்துவிட்டாள்.

"எந்தூரு அம்மிணி?"

"மல மேலக்கா. எஸ்டேட்டு."

"அதுக்கு முன்னால?"

"திருநெல்வேலிப் பக்கம்."

"அங்க எந்த ஊரு?"

"நான் போனதில்லக்கா. தென்காசிக்கு இந்தால."

"செரி, இந்தால எந்தத் தெருவு? கொலசாமி எது? ஊட்டுல கல்யாணத்துக்கு ஆரு வந்து நிப்பாங்க?"

தமிழர்கள் கூடுகிற இடத்தில் இந்தக் கேள்வி எப்படி வரும் என்று தமிழருக்குத்தான் தெரியும். ஜில்லாவில் ஆரம்பிக்கும், ஊருக்கு வரும், தெருவுக்கு வரும், சாமிக்கு வரும். கடைசியில் கேட்காத ஒன்றுக்குப் பதில் சொன்னால்தான் நிற்கும். மலையாளத்தார் நேராகக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நம்மவர்களுக்குச் சுற்றி வளைத்துக் கேட்டால்தான் மரியாதை. நான் அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று எழுந்துவிட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை, அதை அவளும் பார்த்தாள்.

எனக்குப் பயம்தான். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சாவியைத் தராசுக்குப் பக்கத்தில் திரும்ப வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு இன்னொரு தெருவுக்கு என்னால் போக முடியாது.

ஆனால் கெடுத்தது அந்தக் கேள்வி இல்லை. கெடுத்தது என் கை.

லயத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் இது புரியும். லயம் என்றால் தோட்டத்து முதலாளிகள் வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகள், வீட்டுக்கு வீடு ஒரே சுவர். மலையில் மாதக்கணக்கில் மழை பெய்யும். வாசலைத் தாண்டினால் அட்டை காலில் ஏறும். உப்பில்லை, தீப்பெட்டியில்லை என்றால் யார் வெளியே இறங்குவது? ஆப்பையை எடுத்துச் சுவரில் தட்டுவோம். அந்தப் பக்கத்திலிருந்து, "என்னடி வேணும்?" என்று குரல் வரும். கூரைக்கடியில் இருக்கிற சந்து வழியாக உப்பு வரும், புளி வரும், சமயத்தில் புத்திமதியும் வரும். நான் நடக்கப் பழகுவதற்கு முன்பே சுவரைத் தட்டப் பழகியிருப்பேன்.

குடிவந்த வாரத்திலேயே ஒருநாள் குழம்பு கொதிக்கும்போது பார்க்கிறேன், புளிப் பானை காலி. நினைத்துச் செய்யவில்லை. கை தானாக ஆப்பையை எடுத்தது, சுவரில் தட்டிவிட்டது.

அந்தப் பக்கத்தில் யாரையோ வைதுகொண்டிருந்த குரல் சட்டென்று நின்றது. அடுத்த நிமிஷம் அக்கா என் வாசலில் நின்றாள். முகம் சிவந்து போயிருந்தது.

"ஏனுங்க, எங்கூட்ல நாங்க பேசறது உங்களுக்கு எடஞ்சலா இருக்குதுங்களா? செவுத்த இடிக்கறீங்க? முந்தி இருந்த குமாஸ்தாவும் இப்படித்தான், நான் வாயத் தொறந்தா செவுத்த இடிப்பான். போனான் சனியன்னு இருந்தேன். நீங்களும் அதே சாதியா? செரிங்க. இனி எங்கூட்ல ஒரு சத்தம் வராதுங்க. நிம்மதியாத் தூங்குங்க."

நேற்றுவரை அம்மிணி, இன்றைக்கு ஏனுங்க. கொங்கு நாட்டில் மரியாதை கூடினால் ஆபத்து என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "புளிக்குத்தான்க்கா தட்டினேன்" என்று சொன்னேன். புளிக்கு யாராவது சுவரை இடிப்பார்களா? கேட்டுவிட்டு எவள் நம்புவாள்? முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

சொன்ன சொல் காப்பாற்றுகிற பொம்பிளை. அன்று முதல் அந்த வீட்டில் சத்தமே இல்லை. மாட்டைக்கூடக் கிசுகிசுவென்று வைதாள். தமிழ் வசவு காதில் விழவேண்டும் என்று பாலக்காட்டு ஜில்லாவையே சைக்கிளில் சுற்றிக் கண்டுபிடித்த தெருவில், இருந்த ஒரே வசவையும் நான் ஆப்பையால் அடித்து நிறுத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் போய்ச் சமாதானம் பேசினார். இவர் பேசிய தென்னாட்டுத் தமிழுக்கு வண்டிக்காரர் சிரித்தார், அக்கா சிரிக்கவில்லை.

ஒரு விதத்தில் எனக்கு அது வசதியாகவும் இருந்தது. பேச்சு நின்றதில் கேள்வியும் நின்றுவிட்டது. ஆனால் வயிறு பெருக்கப் பெருக்க ராத்திரியெல்லாம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அந்தப் பக்கம் ஒருத்தி மூச்சுவிடுவது கேட்கும். கூப்பிட்டால் வருவாளா? இதைச் சொன்னால் இவர், "நம்ம ஆளுங்கதான, வராமலா போயிருவாக?" என்பார். நம்ம ஆளுங்க, நம்ம ஆளுங்க என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வலி எடுத்தது சந்தைக்கு மறுநாள். தெருவில் அதே நாய், அதே வாழைமட்டை. இவர் விடியலிலேயே போயிருந்தார். மதியம் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது இடுப்பில் பிடித்தது. சரி, சூட்டுவலி என்று நினைத்தேன். அடுத்த வலி வந்தபோது அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் எழுந்திருக்க முடியவில்லை. வாய்விட்டுக் கூப்பிட்டேன். கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. வாசலுக்குத் தவழ்ந்து போகலாமென்றால் கால் இழுக்கிறது. கைக்கு எட்டினது ஆப்பைதான்.

தட்டினேன்.

அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்கு ஒரு இடி வந்தது, உலக்கையால் இடித்திருப்பாள். நாங்கள்தான் வாயே திறப்பதில்லையே, இன்னும் என்னடி என்று அர்த்தம். நான் மறுபடி தட்டினேன். அவள் மறுபடி இடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நான் அடித்த அடியில் சுவரில் காரை பெயர்ந்து சோற்றுப் பானையில் விழுந்தது. அவ்வளவுதான். அவள் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, வசவும் கேட்டது. மாதக்கணக்காகச் சேர்த்துவைத்த வசவு. வாசலில் ஆரம்பித்து என் நடைவரை வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் என்னைப் பார்த்தாள். வசவை நிறுத்தினாள் என்றா நினைக்கிறீர்கள்? ஆளை மட்டும் மாற்றிக்கொண்டாள். "அட கெரகமே! நெறமாசக்காரியத் தனியா உட்டுப்போட்டுப் போயிருக்கறான் பாரு, அவனெல்லாம் ஒரு ஆம்பளையா! அவனுக்கு ஒரு கம்பெனி, அந்தக் கம்பெனிக்கு ஒரு சங்கு! ஏண்டி அம்மிணி, வலின்னா வாயத் தொறந்து கூப்பட மாட்டியா, செவுத்தையா இடிப்ப? உங்கூர்ல மனுசங்களே இல்லையா?" என்று வைதுகொண்டே என் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். அதே மூச்சில் புருஷனைக் கூப்பிட்டு வைது மாடுகளைப் பூட்டச் சொன்னாள். மாடுகள் மெதுவாகப் போகிறதென்று வழியெல்லாம் மாடுகளை வைதாள். சர்க்கார் ஆஸ்பத்திரி ஒரு வெற்றிலை மென்று துப்புகிற தூரம் என்று வண்டிக்கார அண்ணன் சொன்னார். துப்பிவிட்டு இன்னொன்றும் போட்டார், ஆஸ்பத்திரி வரவில்லை. அக்காவின் கையை நான் பிடித்திருந்த பிடியில் அவள் கண்ணாடி வளையல் நொறுங்கியது. "ஒடஞ்சாப் போச்சாது, நீ புடிச்சுக்க" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் அவளை மறித்து, "நிங்ஙள் இவளுடெ ஆரா? பந்துவோ?" என்று கேட்டாள். பந்து என்றால் சொந்தம், சொந்தமில்லாதவர் உள்ளே போகக்கூடாது.

"எங்காளுதானுங்க" என்றாள் அக்கா. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் உள்ளே எந்த பாஷையில் கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. நர்ஸுக்கு எல்லாம் புரிந்தது. பெண் குழந்தை.

பொழுது சாய்ந்து என் வீட்டுக்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓரமாக உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியா புள்ள, நம்ம ஆளுங்க இருக்கிற தெருவாப் பாத்து வந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்றார். பக்கத்தில் ஆப்பை இல்லை, பிழைத்தார்.

வீட்டுக்கு வந்தபின் அக்காதான் குழந்தையைக் குளிப்பாட்டினாள். கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டு, மூக்குக்கு எண்ணெய் விட்டு, வெந்நீரை ஊற்றுவாள். ஒருநாள் அப்படிக் குளிப்பாட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"இப்பவாச்சும் சொல்லு அம்மிணி. நீங்க என்ன ஆளுங்க?"

இதற்கென்று என் வீட்டுக்காரர் நல்ல நல்ல பொய்யாகச் சேர்த்துவைத்திருந்தார். கோயில் பூசாரி வம்சம் என்பது அதில் ஒன்று. ஆனால் அவள் கையில் என் பிள்ளை எண்ணெயும் தண்ணீருமாக வழுக்கிக்கொண்டு கிடந்தது. பொய் வாயில் வரவில்லை. சொல்லிவிட்டேன். எங்கள் சாமி பேரைச் சொன்னேன், தெருவின் பேரைச் சொன்னேன், ஊரில் எங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்களோ அதையும் சொன்னேன்.

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு மிச்சத் தண்ணீரை ஊற்றினாள். குழந்தையைத் துடைத்தாள், சாம்பிராணி காட்டினாள், துணியில் சுற்றி என் பக்கத்தில் கிடத்தினாள். எழுந்து போய்விட்டாள்.

மத்தியானம் முழுக்க அந்தப் பக்கம் சத்தமில்லை. இவர் வந்ததும் சொன்னேன். வையவில்லை, பாவம். சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கோவிந்தாபுரம் பக்கத்திலும் நிறையத் தமிழாளுங்க இருக்காக என்று ஆரம்பித்தார். "இன்னும் ஒரு தெருவு பாத்தா நான் மலைக்கே போயிருவேன்" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. தூக்கினேன், ஆட்டினேன், பால் கொடுத்துப் பார்த்தேன். வயிற்றை முறுக்கிக்கொண்டு அழுகிறது, நிற்கவேயில்லை.

சுவரில் ஒரு இடி.

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இந்தச் சுவரில் இடித்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அவள்தானே சொல்லியிருக்கிறாள். குழந்தையின் வாயை மார்போடு அணைத்து, "அழாத தாயி, அழாத, சத்தம் போடாத" என்று கெஞ்சினேன். மறுபடி ஒரு இடி, முன்னைவிடப் பலமாக. இவர் எழுந்து டிரங்குப் பெட்டியை இழுத்தே விட்டார்.

"ஏண்டி அம்மிணி!" என்று அந்தப் பக்கத்திலிருந்து பழைய குரல், எருமையை வைத குரல், ஓட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தது. "செவுத்தத் தட்டுனா என்னன்னு கேக்க மாட்டியா? நீ தட்டுனா மட்டும் நான் ஓடியாரோணுமா? கொழந்தைக்கு வயித்துவலியாட்ட இருக்குது. வசம்பு இருக்குதா, இல்ல நான் எடுத்தாரட்டா?"

ஆப்பையை எடுத்துச் சுவரைத் தட்டினேன்.